அப்பா கழுத்துக்கு நடந்த ஏலம்

அன்பு மகனுக்கு,

நீ சௌக்கியமாத்தான் இருப்பே, தூரத்துல இருக்கறவங்களுக்கு எப்பவும் சௌக்கியந்தான். இங்க நான் இருக்கேன், உங்கப்பாவும் இருக்கார். வலது கையும் காலும் வரலை, பேச்சு சுத்தமா இல்ல, வாய் கோணிப்போச்சு, கஞ்சி ஊட்டினா பாதி துண்டுல விழுது. நீ போன்ல அழுதுட்டு வெச்சுட்டே. அழுதா ஆச்சா, நடந்ததை முழுசாத் தெரிஞ்சுக்க வேண்டாமா, அதுக்குத்தான் எழுதறேன்.

மீன் மார்க்கெட்ல ஏலம் கூவிட்டு இருந்தவருக்கு இடது கண்ணுல ஷட்டர் இறக்கின மாதிரி இருட்டிச்சு, கொஞ்ச நேரத்துல சரியாவும் போச்சு. மிச்சக் கூடையை வித்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஸ்கேன் பண்ணிட்டு அந்தச் சர்ஜன் பொண்ணு படம் போட்டுச் சொல்லிச்சு, இடது கழுத்துல மூளைக்கு ரத்தம் போற குழாய் முக்கால்வாசி அடைச்சிருக்கு, இது எச்சரிக்கை, அடுத்தது பக்கவாதமா வரும், ரெண்டு வாரத்துக்குள்ள அடைப்பைச் சரி பண்ணிடணும்னு. கழுத்தைக் கீறிக் குழாயைத் திறந்து, படிஞ்ச கொழுப்பை வழிச்சு எடுத்துட்டுத் தைக்கறது ஒரு வழி. தொடை வழியா கம்பி விட்டு ஸ்டென்ட்டுங்கற வலைக்குழாய் வைக்கறது இன்னொண்ணு, கீறல் இல்ல, ஆனா எழுபது தாண்டினவங்களுக்குத் துணுக்கு பேந்து மூளைக்கு ஏறற பயம் ஜாஸ்தி. மாத்திரை எப்படியும் முழுங்கணும், ஆனா அது மட்டும் இவருக்குப் போதாது. கீறினா குரல் கொஞ்ச நாள் கம்மும், காதோரம் மரத்துப்போகும், நூத்துல ரெண்டு மூணு பேருக்கு ஆபரேஷன்லயே பக்கவாதம் வரும்னும் மறைக்காமச் சொல்லிச்சு. உங்கப்பாவைத்தான் தெரியுமே, ஃபேன் வாங்கறதுல இருந்து உங்கக்கா கல்யாணம் வரைக்கும் எல்லாத்துக்கும் சாப்பாட்டு மேஜைல ஏலம்தான். கரண்டியைத் தூக்கிப் பிடிச்சு, கழுத்தைக் கீறறது ஒரு தரம், ரெண்டு தரம்னார். மூணாவதுக்கு வாயைத் திறக்கறப்போ போன் ஸ்பீக்கர்ல நீ, பொறுங்கப்பா, இங்க பெரிய டாக்டர்கிட்ட காட்டறேன், நான் வந்து முடிவு பண்ணிக்கலாம்னே. குறுக்க ஒரு குரல் வந்தா கரண்டி இறங்கக் கூடாது, அது அவர் தொழில் தர்மம். இறக்கலை. அப்புறம் உனக்கு லீவு கிடைக்கலை, அப்புறம் பெரிய டாக்டர் ஊர்ல இல்லை. நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், என் பையன் படிச்சவன்டின்னு சொல்லிட்டு உக்காந்திருந்தார். கடைசில ஷேவ் பண்ணிக்கிட்டே விழுந்தார், பாதி முகத்துல நுரையோட.

பெரிய டாக்டரோட பதிலை நேத்து அனுப்பியிருந்தே. உடனே கீறிடணுமாம். கெட்டிக்காரர்.

அடுத்த வாரம் கீறறாங்க, இன்னொண்ணு வராம இருக்கத்தான், போனது திரும்பாது. அப்பவே பண்ணியிருந்தா கழுத்தை மட்டும் மரக்க வெச்சு, முழிச்சிருக்கறப்பவே பண்றதாச் சொன்னாங்க. வலது கைல பீப்பீன்னு கத்தற ரப்பர் பொம்மையைக் குடுத்து அப்பப்போ அமுக்கச் சொல்வாங்களாம், சத்தம் வந்தா மூளைக்கு ரத்தம் போகுதுன்னு அர்த்தம். அதைக் கேட்டு உங்கப்பா என்னமாச் சிரிச்சார் தெரியுமா. இப்போ அமுக்கறதுக்குக் கை இல்ல, அதனால முழு மயக்கம். நீ லீவு கேட்டு அலைய வேண்டாம், வரவும் வேண்டாம். உன் போட்டோவைக் காட்டினேன், கோணின வாயால சிரிக்கப் பார்க்கறார்டா பாவி. அவருக்கு உன் மேல கோபமே இல்ல. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கு. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லும்பாங்க, இங்க கல்லானது நான்தான்.

நூறு வயசு இரு, பேச்சோட இரு, பெத்த வாயால வேற என்ன சொல்றது. மறக்காம நீயும் கழுத்தை ஸ்கேன் பண்ணிக்கோ, அப்பா ரத்தம்தானே. ஏதாவது இருந்தா அன்னிக்கே பண்ணிக்கோ. நான் வர்ற வரைக்கும் பொறுன்னு சொல்ல மாட்டேன். நான் வரவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ