ஐம்பத்திரண்டில் பதினேழு போனால் நாற்பத்தைந்து

என் வாயாடி நாத்தனாரே, குமுதா கண்ணு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். திருப்பதியில் நமக்குத் தமிழிலேயே பயிற்சி நடந்தது! தெலுங்கு பேட்ச்சோடு சேர்த்து உட்காரவைத்து, பாதி விளங்கியும் விளங்காமலும் நாம் தலையாட்டுவோமே, அந்தப் பயிற்சி இல்லை. இந்த ஆந்திராவில் இருக்கும் தமிழ் மீடியம் ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் மட்டும் தனியாக, ஐந்து நாள். அதில் பாடம் நடத்திக் காட்டிய ரிசோர்ஸ் பர்சன் யார் தெரியுமா? சாட்சாத் உன் அண்ணிதான். சிரிக்காதே.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நாலே நாள் காய்ச்சலில் இப்படி ஒருத்தி இல்லாமல் போவாளா என்று உன் அண்ணன் இன்னும் யாரையாவது பிடித்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஆனால் பயிற்சிக்கு ஆர்டர் வரும்போதெல்லாம் எனக்கு உன் நினைப்புதான் வரும். முந்தின நாளே சத்யவேட்டிலிருந்து பஸ் பிடித்து நகரிக்கு வந்துவிடுவாய். செருப்பைக் கழற்றும் முன்பே, "அண்ணி, நாளிக்கு இன்னா வேல? மறுபடியும் சார்ட்ல பூ வெட்டி ஒட்டணுமா?" என்று ஆரம்பிப்பாய்.

மாதிரிப் பாடம் என்றாலே உனக்குப் பிடிக்காது. ரிசோர்ஸ் பர்சன் எழுந்து மூன்றாம் வகுப்புக் கணக்கு நடத்துவார். நாமெல்லாம் பிள்ளைகளாக உட்கார்ந்து கோரஸாகச் சரியான பதில் சொல்வோம். வேலையில் சேர்ந்து இருபது வருடம் ஆனவர்கள் கழித்தல் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டதற்குக் கைதட்டல் வேறு. அப்புறம் டீ, பிஸ்கட், கையெழுத்து, வீடு.

அந்த ஒரு நாள் நீ செய்த காரியம் ஞாபகம் இருக்கிறதா? அதுவும் திருப்பதியில்தான். ரிசோர்ஸ் பர்சன் போர்டில் ஐம்பத்திரண்டு கழித்தல் பதினேழு என்று எழுதினார். எல்லோரும் "முப்பத்தஞ்சு" என்று பாட, நீ மட்டும் எழுந்து நின்று "நாப்பத்தஞ்சு சார்" என்றாய். ஹாலே திரும்பிப் பார்த்தது. "நான் சொல்லல சார், எங்க கிளாஸ்ல பவித்ரான்னு ஒரு பொண்ணு இப்படித்தான் சொல்லிக்கினு இருக்குது. பிள்ளையா நடிக்கச் சொன்னா பிள்ள மாதிரிதான சொல்லணும்?" என்றாய்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடம், டைம் வேஸ்ட் சேயகண்டி" என்றார். நேரத்தை வீணாக்காதீர்கள் என்று தெலுங்கில் அத்தனை பேர் முன்னால். நான் உன் பக்கம் பேசியிருக்க வேண்டும். பேசினேனா? உன் முந்தானையைப் பிடித்து இழுத்து, "சும்மா குந்து குமுதா, மானம் போவுது" என்றேன். நீ உட்கார்ந்துவிட்டாய். பஸ்ஸில் வடமாலபேட்டை தாண்டும் வரை நீ வாயைத் திறக்கவில்லை. நீ வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பவித்ரா அந்த நாற்பத்தைந்தை எங்கிருந்து கொண்டுவந்தாள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சரி, அழுமூஞ்சி வேண்டாம். இந்த வருடத்துக் கதைக்கு வருகிறேன். ஆர்டர் கொடுத்த அதிகாரி தெலுங்குக்காரர், நல்ல மனுஷன், தமிழும் பேசுவார். ஆனால் பேச்சில் கறார். "ரேணுகா மேடம், இது ட்ரையல் பேட்ச். நல்லா போனா தமிழுக்குத் தனியா கண்டின்யூ பண்றோம். சரியா வரலன்னா பழையபடி தெலுங்கு பேட்ச்லயே சேர்த்துடுவோம். மூணாவது நாள் உங்க மாதிரிப் பாடம், நான் வந்து உட்காருவேன்" என்றார். எத்தனை வருடம் மனு மேல் மனு கொடுத்து வந்த பேட்ச் இது! அது என் ஒருத்தியின் முக்கால் மணி நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பயந்தவள் என்ன செய்வாள்? எல்லோரும் செய்வதையே செய்தேன். இந்த முறை நிஜப் பிள்ளைகளை வைத்தே பாடம் நடத்தலாம் என்று அனுமதி இருந்தது. என் பள்ளியிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரை அழைத்துப் போக வேன் பேசிவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் பயிற்சியிலிருந்து திரும்பியதும் அதே பாடத்தை அவர்களுக்கு முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். யார் எப்போது கை தூக்குவது, யார் என்ன சொல்வது, எல்லாம் ஒத்திகை. நீ இருந்திருந்தால் என் மானத்தை வாங்கியிருப்பாய்.

பிள்ளைகளே வாங்கிவிட்டார்கள், கேள்.

ஹால் நிறைய ஆசிரியர்கள். கடைசி வரிசையில் அதிகாரி, மடியில் நோட்டு. நான் சிரித்த முகமாக எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு போர்டில் ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். பதினேழை இன்னும் எழுதவே இல்லை. தேன்மொழி எழுந்து, "முப்பத்தஞ்சு டீச்சர்!" என்று கத்தினாள்.

பக்கத்தில் இருந்த ஐஸ்வர்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏய், இப்ப இல்லடி! டீச்சர் மாங்கா கூடை கத சொன்னப்புறம்தான நீ எழுந்துக்கணும்! நேத்து சொன்னாங்க இல்ல?"

கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு, குமுதா. அதிகாரி சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதினார். அவ்வளவுதான், தமிழ் பேட்ச்சுக்கு நானே மூடுவிழா நடத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து அறையில் பிஸ்கட் தின்ன அனுப்பிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்தேன். "ஆமா, நேத்தே சொல்லிக் கொடுத்துட்டுதான் கூட்டிக்கினு வந்தேன். நம்மில் யாரு இப்படிச் செய்யல, கை தூக்குங்க" என்றேன். சிரிப்பு நின்றுபோனது. ஒரு கை எழவில்லை. இனி போவதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு துணிச்சல் வந்துவிட்டது. "இப்ப நீங்கதான் பிள்ளைங்க. ஆனா ஒருத்தரும் சரியான பதில் சொல்லக் கூடாது. உங்க வகுப்புல ஒரு பிள்ள சொன்ன தப்பான பதில மட்டும் சொல்லுங்க. அது அந்தப் பிள்ளைக்கு எப்படி வந்துச்சின்னும் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, போர்டில் பாதியில் நின்ற கணக்கை முடித்தேன். ஐம்பத்திரண்டு கழித்தல் பதினேழு.

முதலில் பிச்சாட்டூர்ப் பக்கத்துத் தலைமையாசிரியர் துரைசாமி சார் எழுந்தார். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது அவருக்கு. "நாப்பத்தஞ்சு" என்றார்.

உன் பவித்ரா சொன்ன அதே பதில்! "எப்படி சார் வந்துச்சி?" என்று கேட்டேன்.

"ரெண்டுல ஏழு போவாது. அதனால ஏழுல ரெண்ட எடுத்துடுது, அஞ்சு. அஞ்சுல ஒண்ணு போனா நாலு. நாப்பத்தஞ்சு." அதோடு உட்காரப் போனவர் உட்காரவில்லை. "இல்ல மேடம், இருங்க. ஒண்ணாங்கிளாஸ்ல நாமதான சொல்லிக் குடுத்தோம், பெரிசுலர்ந்துதான் சிறுச எடுக்கணும்னு? அந்தப் பிள்ள நம்ம பேச்சத்தான கேட்டுக்கினு இருக்குது! நான் இன்னா பண்ணேன்? கவனமில்லாத கழுதைன்னு திட்டிக்கினு இருந்தேன்."

குமுதா, அன்று நீ சொல்ல வந்தது இதுதானா? நான் முந்தானையை இழுக்காமல் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாயா?

அதற்கப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருவராக எழுந்தார்கள், பிறகு இரண்டு மூன்று பேராக ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நூற்று மூன்றை எழுதச் சொன்னால் நூறு போட்டுப் பக்கத்திலேயே மூன்று போடும் பிள்ளையைப் பற்றிப் புத்தூர் டீச்சர் ஒருத்தர் போர்டுக்கே வந்து எழுதிக் காட்டினார். "காதுல விழுந்தத அப்படியே எழுதுது மேடம், அதுல இன்னா தப்பு?" என்று என்னோடு சண்டைக்கு நின்றார். ஒரு தலைமையாசிரியை, "நான் நோட்டுல டிக் இருக்குதான்னு பார்த்து கையெழுத்து போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன். தப்பு போட்ட பிள்ளைய இன்னா கேட்டீங்கன்னு என் டீச்சருங்கள ஒரு நாளும் கேட்டது இல்ல. திங்கக்கிழமையிலர்ந்து கேப்பேன்" என்றார். அத்தனை பேர் முன்னால் ஒரு தலைமையாசிரியை இப்படிச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? டீ வந்தது, ஆறியது, சாப்பாட்டு நேரமும் தாண்டியது, யாரும் எழவில்லை. பயிற்சியில் டீ ஆறியதை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் அதிகாரி கூப்பிட்டார். "உதயம் ஃபெயில், மத்யாஹ்னம் பாஸ்" என்றார். காலையில் ஃபெயிலாம், மத்தியானம் பாஸாம்! "தமிழ் பேட்ச் இனிமே தனியாதான் நடக்கும் மேடம், நான் எழுதிட்டேன். அடுத்தது சித்தூர்ல."

அங்கேயே ஒரு ஆட்டம் போட்டிருப்பேன், சேலை தடுத்தது. அவர் பேனாவை எடுத்து, "இந்த ஆக்டிவிட்டி யாரோடது? ரிப்போர்ட்ல பேர் போடணும்" என்றார்.

"எங்க நாத்தனாரோடது சார். குமுதா. சத்யவேட்டுப் பக்கம் டீச்சர்" என்றேன். எனக்கு வாயெல்லாம் பல். இத்தனை வருடம் கழித்து உன் பெயரை ஒரு சர்க்கார் காகிதத்தில் நல்லதுக்காக எழுதுகிறார்களே என்று.

அவர் எழுதினார். தலை நிமிராமலே, "அப்ப சித்தூருக்கு அந்த மேடத்தையே ரிசோர்ஸ் பர்சனா போட்டுடறேன். ஃபோன் நம்பர் சொல்லுங்க" என்றார்.

உன் நம்பர் எனக்கு மனப்பாடம், குமுதா. சந்தோஷத்தில் சொல்லவும் தொடங்கிவிட்டேன். நாலு எண் சொன்ன பிறகுதான் நின்றேன். அவர் பேனாவோடு காத்திருந்தார்.

சொன்னேன். நீ இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் பேனாவை மூடிவைத்தார். உன் பெயரை மட்டும் அடிக்கவில்லை. "ஆக்டிவிட்டி அவங்க பேர்லயே இருக்கட்டும் மேடம். ஆர்டர் உங்க பேர்ல போடறேன்" என்றார்.

அடுத்த மாதம் சித்தூருக்குப் போகிறேன். பிள்ளைகளுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்க மாட்டேன். யாராவது ஒருத்தி எழுந்து நின்று தப்பான பதில் சொன்னால், அவள் சொல்லி முடிக்கும் வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். பக்கத்தில் இருப்பவர்கள் அவளை உட்காரச் சொன்னால் அவர்களை உட்காரச் சொல்வேன். உன்னிடம் கேட்காததை அவளிடம் கேட்பேன். இது உன் மேல் சத்தியம்.

என்றும் உன்னைக் கரித்துக்கொட்டிக்கொண்டே உன்மேல் உயிரை வைத்திருந்த,
உன் அண்ணி ரேணுகா