நீ புரட்டாத பக்கம்

புத்தகத்தைத் திறந்ததும் எனக்குத் தும்மல் வந்தது. இத்தனை வருஷம் தகரப் பெட்டிக்குள் கிடந்தும் எங்கள் களத்து மிளகாய் வத்தல் நெடி அதை விட்டுப் போகவில்லை. கல்யாணமாகிப் போகும்போது, "இங்கனயே இருக்கட்டும்டி, அங்க கொண்டு போனா அடுப்புக்குத்தான் போகும்" என்று நீ கொடுத்துவிட்டுப் போன அதே நாவல். முழுக்கக் கேட்ட கதைதானே என்று நான் அதைப் பிரித்ததே இல்லை. போன வருஷம் நீ செத்துப்போன சேதி வந்தபோதுகூட எடுக்க மனம் வரவில்லை. எடுக்க வைத்தது சினிமா.

அந்த நாவலைப் படமாக எடுத்திருக்கிறார்கள். கடற்கரைக் காட்சியை மாரியூரில் வந்து எடுத்தார்களாம், முதுகுளத்தூர் முழுக்க அதே பேச்சு. அக்காவைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் போய்ப் பார்த்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பங்குனி வெயில் தாழ்ந்ததும் வத்தல் பொறுக்க உட்காருவோம். வெளுத்தது தனி, சிவந்தது தனி. கதை வாசிக்கிறவள் மட்டும் வத்தலைத் தொடக் கூடாது. தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் அன்றைக்குக் கதை அவ்வளவுதான். அதனால் உன் பங்குக் குவியலை நாங்கள் பிரித்துக்கொள்வோம். நீ கை கழுவிவிட்டு மகாராணி மாதிரி சாக்கின் மேல் உட்கார்ந்திருப்பாய். வேலைக்கு டிமிக்கி கொடுக்கத்தான் படிக்கிறாய் என்று கேலி செய்தால், "அப்ப நீ வாசி, நான் பொறுக்குறேன்" என்பாய். பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் தொடாத நான் மறுபடி வத்தலுக்குக் குனிந்துவிடுவேன்.

அந்த வருஷம் அக்காவும் களத்தில் இருந்தாள். புருஷன் அடித்த அடியில் தோள் இறங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். "சித்திரை கழியட்டும், கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்று அய்யா முடிவாகச் சொல்லிவிட்டார். அக்கா குனிந்த தலையோடு பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

கதையிலும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவன்தான் கதாநாயகியை வீட்டைவிட்டு விரட்டுகிறான். கடைசியில் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிடுகிறான். அவள் போவாளா, மாட்டாளா? நாங்கள் எல்லோரும் பொறுக்குவதை நிறுத்திவிட்டோம். நீ அந்தப் பக்கத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தேன். பிறகு மெதுவாக வாசித்தாய். "வண்டியைத் திருப்பிக்கொண்டு போங்கள். மறுபடி அந்தப் படியை ஏறினால், ஏறுகிறவள் நானாக இருக்கமாட்டேன்."

சித்திரை கழிந்தது. அய்யா கிளம்பச் சொன்னபோது, "நான் போகலய்யா" என்றாள் அக்கா. அய்யா சத்தம் போட்டுப் பார்த்தார், பட்டினி கிடந்து பார்த்தார். அவள் அசையவில்லை. ஆடு வளர்த்துத் தன் காலில் நின்றுவிட்டாள்.

படத்தில் அவள் வண்டியில் ஏறிவிட்டாள். அவன் கையைப் பிடித்து ஏற்றினான், தியேட்டரே கைதட்டியது. திரும்பும் பஸ்ஸில், "நல்ல கதையக் கெடுத்துப்புட்டானுகளேக்கா" என்று புலம்பிக்கொண்டே வந்தேன். அக்காவுக்கு அந்த வரியைக் காட்டத்தான் வந்ததும் வராததுமாகப் பெட்டியை இறக்கினேன்.

புத்தகத்திலும் அவள் வண்டியில்தான் ஏறுகிறாள். முன்னும் பின்னும் தேடினேன். நீ வாசித்த வரி எங்கேயும் இல்லை.

"என்ன போட்டிருக்கு? வாசி" என்றாள் அக்கா. எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிக்கும் அளவுக்குத்தான் அவளுக்கு வரும். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, உன் வரியைச் சொன்னேன்.

அக்கா என் கையையே பார்த்தாள். "அவளும் அன்னைக்கு இப்படித்தான், பக்கத்தப் புரட்டாமயே வாசிச்சா" என்றாள்.

"அப்பவே தெரியுமாக்கா?"

"தெரியாம என்ன? கதையில என்ன இருந்தா எனக்கென்ன. போகாதன்னு சொல்ல ஊருல ஒருத்தி இருக்காள்ல, அது போதும்னு இருந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது, உன்மேல் கோபமும் வந்தது. சாயல்குடிப் பக்கம் வாக்கப்பட்டு, கன்னம் வீங்கி நீ வந்து நின்றாயே. கூப்பிட ஆள் வந்ததும் பேசாமல் பையை எடுத்தாய். பஸ் நிறுத்தம் வரை உன் பின்னாலேயே வந்தேன். "போகாதடி, அந்தக் கதையில அவ போகலையே" என்றேன். "அது கதைடி" என்று சிரித்துவிட்டு ஏறிப்போனாய். போன வருஷம் காய்ச்சலில் கிடந்த உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அந்த வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

உன் வரி எனக்கு இன்னும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். அக்காவைக் காப்பாற்றிய அதே வரியை நம்பித்தான் அன்று உன்னையும் போகாதே என்றேன். புத்தகத்தில் இல்லாத வரி என்று தெரிந்தும் அவள் இருந்துவிட்டாள். அதை உண்டாக்கியவள் நீ, உன்னால்தான் அதை நம்ப முடியவில்லை.