தாமதித்துப் பாடும் குரல்

டெட்ராய்ட், நவம்பர் 1956

அன்பு மகள் டோலோரஸுக்கு,

அம்மா சொல்லி எழுதவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

நீ ரேமண்டோடு கிளம்பிப் போன அன்று உனக்குப் பிடித்த பாடகியின் இசைத்தட்டை உடைத்தேனே, அதே பாட்டுத்தட்டு ஒன்றை நேற்று வேலை முடிந்து வரும் வழியில் வாங்கினேன். கடைக்காரப் பெண், “பொண்ணுக்கா சார்?” என்று சிரித்தாள். “இல்லம்மா, எனக்குத்தான்” என்றேன்.

வாத்தியங்கள் எல்லாம் துள்ளிக்கொண்டு ஓடுகின்றன. அவள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல் பாடுகிறாள். ஒவ்வொரு சொல்லையும் கொஞ்சம் தாமதித்தே சொல்கிறாள். ஆனாலும் தாளம் தப்புவதில்லை. இதைத்தான் நீ கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாயா? எனக்கு அப்போது வெறும் இரைச்சலாகத்தான் பட்டது.

“மூணாவது தடவை போடுறீங்க. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு வாங்க, சூப் ஆறிப்போகுது” என்றாள் உன் அம்மா. உன் குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டதையும் அவள்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன். முதலில் மாப்பிள்ளையிடம்தான் பேச வேண்டும். அவர் கதவைத் திறக்காவிட்டாலும் தப்பில்லை. நீ குழந்தையை ஜன்னலருகே தூக்கிக் காட்டு. பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

உன் அப்பா