அம்மாவுக்கு, புது வண்டியின் சாவி பற்றி

என் பிரியமுள்ள, வாய்த்துடுக்கு மிகுந்த அம்மாவுக்கு,

உன் பழைய கார் போய்விட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களை நீ என்றைக்குப் பொறுத்துக்கொண்டாய்? நீ எங்களை விட்டுப் போன ஈஸ்டரிலிருந்து அது நம் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு வாசலில் நின்றபடியே துருப்பிடித்தது. எப்போதாவது ஸ்டார்ட் செய்து பார்ப்பேன். இருமும், புகைவிடும், அடங்கிவிடும். கடைசியில் எதிர்வீட்டு அம்மாள் அதன் மேல் மிளகாய் காயப்போட ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் புது வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

அப்பாவைக் கேட்கிறாயா? உன் அடக்கத்தன்று வீடு திரும்பியவர், அதன் பிறகு எந்த வண்டியிலும் ஏறவில்லை. கோயிலுக்கு வருவதில்லை. உன் கல்லறைக்கும் வருவதில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றிப்போய், காப்பி டம்ளரைத் தடவித்தான் எடுக்கிறார். ஆபரேஷனுக்கு நான் நாள் குறித்துக்கொண்டு வருவேன். அவர் "நக்கோ" என்பார், வேண்டாமாம். தெற்கே நாசரேத்திலிருந்து வந்து இத்தனை காலம் தெலுங்கும் உருதும் பேசும் இந்த ஊரில் இருந்தவர், ஊர்ப் பேச்சில் கற்றுக்கொண்ட ஒரே சொல் அதுதான் போலிருக்கிறது. இன்னும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அதற்கும் நக்கோ.

புது வண்டியில் நோகாமல் போய் வரலாம் என்று ஆசை காட்டினேன்.

"அதுல எனக்கு என்னட்டி வேல?" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் நினைவுக்கு வந்தது. உன் வண்டியின் இடது இண்டிகேட்டர் எரிந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாதான் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, திருப்பம் வந்ததும் இடது ஜன்னலில் கையை நீட்டுவார். நீ "கை!" என்பாய், அவர் நீட்டுவார். நாச்சாரம் ஃபாக்டரி வாசலில் அவரை இறக்கிவிட்டு நீ வேலை பார்த்த பிளாண்டுக்குத் திரும்புவாய். பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வருவதைப் பார்த்து வாசலில் நின்றவர்கள் சிரித்தது எனக்கே நினைவிருக்கிறது. அப்பாவும் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். அவருக்கு அது ஒரு உத்தியோகம், அம்மா. நாம்தான் இண்டிகேட்டரை ரிப்பேர் பார்க்க சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இனி உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். சாமுவேல் சித்தப்பா. அப்பாவின் தம்பி என்கிற ஒரே தகுதியில் நம் வீட்டில் ஆண்டுக்கணக்காகக் கேக் தின்றவர். அவருடைய மகன் ஹைடெக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து, சின்ன லாரி அளவுக்கு ஒரு கார் வாங்கியிருக்கிறான். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து சாட்சி சொன்னார். கர்த்தர் தங்களைப் பழைய வண்டியின் அவமானத்திலிருந்து விடுவித்தாராம். எகிப்திலிருந்து விடுவித்த மாதிரி குரல் தழுதழுத்தது. நன்றிக் காணிக்கை, கைதட்டல் எல்லாம் உண்டு. இந்த மனுஷருடைய கர்த்தர் ஷோரூமில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மாதத் தவணையில் ஆசீர்வதிக்கிறார். தவணை கட்டத் தவறினால் என்ன ஆகும் என்று சித்தப்பா சாட்சியில் சொல்லவில்லை.

அந்த ஷோரூமுக்கு நானும் போனேன். கொன்றைப் பூ நிறத்தில் சட்டை போட்ட ஒரு பையன் வாசலிலேயே, "வெல்கம் மேடம், சார் பின்னாடி வர்றாரா?" என்றான். நாற்காலியில் உட்கார்ந்ததும் இன்னொருவன், "சார் எப்போ டெஸ்ட் டிரைவ் பண்ணுவார்?" என்றான். உன் மருமகன் ஆன்சைட்டில், பூமிக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். ஓட்டப்போவது நான், கையெழுத்துப் போடுவது நான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன், ஹிந்தியில் சொன்னேன், என் ஓட்டைத் தெலுங்கிலும் சொன்னேன். "நோ ப்ராப்ளம் மேடம், சார் ஃபோன் நம்பர் குடுங்க" என்றார்கள். வண்டி எடுக்கப் போன அன்று என் உயரத்துக்கு அட்டையில் ஒரு சாவி செய்து வைத்திருந்தார்கள். ஃபோட்டோவில் அதன் மறுமுனையைப் பிடிக்க ஒரு சார் இல்லை என்று அவர்களுக்கு உண்மையாகவே வருத்தம். கடைசியில் காவல்காரரைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். அந்த ஃபோட்டோ நம் ஹாலில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் மரியாதையான முகம் அவருடையது ஒன்றுதான்.

உன் வண்டியை மெக்கானிக்கை வைத்து ஒருவழியாகக் கிளப்பி, எக்ஸ்சேஞ்சில் கொடுக்க நானேதான் ஓட்டிக்கொண்டு போனேன். நாச்சாரம் ரோட்டில் நட்டநடுவே நின்றுவிட்டது. பின்னால் வந்த ஐ.டி. கம்பெனி கேப்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. கழுத்தில் கம்பெனி அட்டையைப் பட்டையில் தொங்கவிட்ட ஒரு பயலும் இறங்கவில்லை. ஷிப்ட் முடிந்து ஃபாக்டரியிலிருந்து வந்தவர்கள் நாலைந்து பேர்தான் டிபன் பையை ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளினார்கள். ஒருவர் குனிந்து என் முகத்தைப் பார்த்து, "ஹவ், அம்மா கீ காடி நா?" என்றார், அம்மாவின் வண்டிதானே என்று. இதை முன்பும் பலமுறை தள்ளியிருக்கிறாராம். நீ இறங்கவே மாட்டாயாம், உள்ளே இருந்தபடியே "இன்னும் ஜோரா!" என்று அதட்டுவாயாம். அவர் புகார் மாதிரித்தான் சொன்னார், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. நீ போய்விட்டாய் என்று சொன்னேன். அவர் வண்டிக் கூரையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி தள்ளப் போனார். ஷோரூமில் வண்டியைச் சுற்றி வந்த மதிப்பீட்டாளன் கதவை விரல் நுனியால் தொட்டுவிட்டு, கர்ச்சீப்பில் விரலைத் துடைத்தான். அவன் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் புது வண்டிக்கு வீட்டு வாசலில் ஜெபம் வைத்தோம். நான் கேட்கவில்லை. சித்தப்பாவே பாஸ்டர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ஐயா பானெட்டின் மேல் கைவைத்து, சக்கரங்களையும் பிரேக்கையும் தனித்தனியே ஒப்புக்கொடுத்து நீளமாக ஜெபித்தார். ஆமென் சொன்னதும் சாவியை என்னிடம் கேட்டு வாங்கினார். நான் சமோசாத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் என்னைத் தாண்டிப் போய், "குடும்பத் தலைவர் பெற்றுக்கொள்ளட்டும்" என்று அப்பாவின் மடியில் சாவியை வைத்தார். வண்டி எங்கே நிற்கிறது என்றே தெரியாத மனுஷர். சித்தப்பா கைதட்டினார்.

தட்டை யார் தலையில் கவிழ்க்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"ஐயா, எனக்குக் கண்ணு தெரியல. கண்ணு தெரிஞ்ச காலத்துலயும் எனக்கு ஓட்டத் தெரியாது."

"அது ஒரு முறைக்குத்தாண்ணே," என்றார் சித்தப்பா. "ஆம்பள கையில குடுக்கது வழக்கம்லா."

"நீ சும்மா இருல. பழைய வண்டி வந்தன்னைக்கும் என் கையிலதான் குடுத்தாவ. அவ இந்தா, பக்கத்துலயே நின்னா. நான் பல்லக் காட்டிக்கிட்டு வாங்கிக்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவ ஒரு வார்த்த சொல்லல. அவ பேசாம இருந்தது அன்னைக்கு மட்டும்தான்."

எனக்கு இது தெரியாது. நீ ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? ஊரையே கிழித்துத் தொங்கவிட்ட வாய், இதை மட்டும் எப்படி விழுங்கியது?

அப்பா காற்றில் கையைத் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். "ஓட்டுறவ கையிலல்லா குடுக்கணும்," என்றார். பிறகு, "கதவு எங்கட்டி இருக்கு?" என்றார். பாஸ்டர் ஐயா தானே போய் முன்கதவைத் திறந்துவிட்டார். அவர் முகம் சிறுத்துப்போயிருந்தது, பாவம். அப்பா ஏறி உட்கார்ந்தார். தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தோம். இறங்கும்போது, "திங்கக்கெழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்," என்றார்.

ஆசீர்வாதம் என்ற சொல்லை நான் இப்போது உபயோகிக்கப்போகிறேன். சித்தப்பாவின் காதில் விழாமல் பார்த்துக்கொள். எனக்குக் கிடைத்த ஆசீர்வாதம் அந்த வண்டி இல்லை. ஆயுள் முழுக்க வாய் திறக்காத ஒரு மனுஷர், ஒரு பொம்பளைக்காகத் தம்பியையும் பாஸ்டரையும் எதிர்த்து வாய் திறந்ததைக் கேட்டேன். நீ கேட்டிருக்க வேண்டியது அது. உனக்குக் கிடைக்காததை எனக்குக் கொடுத்துவிட்டார் என்று கோபமாகவும் இருக்கிறது.

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். அப்பா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கீழே வந்து வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இந்தக் கலர யாருட்டி எடுத்தா? உங்கம்மா இருந்தா இதுல காலே வச்சிருக்க மாட்டா."

இத்தனை மாதத்தில் அவர் உன்னைப் பற்றி இப்படிச் சாதாரணமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியில் சாய்ந்துகொண்டு நான் அழுதேன். அவர் என் அழுகையைச் சட்டை செய்யாமல் நிறத்தைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

அம்மா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். டாக்டர் வெயிலில் போகலாம் என்று சொன்ன அன்றைக்கே அப்பாவை உன் கல்லறைக்குக் கூட்டி வருவேன். சித்தப்பா எழுதவைத்த கல்லில் உன்னை இன்னாரின் மனைவி, இன்னாரின் அண்ணி என்றுதான் போட்டிருக்கிறது, உன் பெயர் கடைசியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அப்பா அதை இன்னும் படிக்கவில்லை. படித்துவிட்டு அவர் என்ன சொல்கிறாரோ, அதையே கொத்தனிடம் சொல்லிப் புதுக் கல் வைக்கிறேன்.

உன் வாய் வாய்த்த மகள்,
ஜெஸி