அந்தக் கூலிப்படை எந்த நாட்டுப் படை?

அன்புள்ள குணபாலன் அண்ணைக்கு,

நீங்கள் காலமான முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டு நினைவுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி உங்கள் மனைவி ராணி அக்கா போன கிழமை தொலைபேசி எடுத்தார். "அவருக்கு உங்களிலை நல்ல மரியாதை, மாஸ்டர்" என்றார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. உங்களுக்கு ஏன் என்னில் மரியாதை? ஜெர்மனியில் இந்தப் பீலெஃபெல்ட் நகரில் இத்தனை வருடம் ஒன்றாக இருந்தும் நான் உங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. என் மூத்த மகளின் கலியாணத்துக்கு உங்களுக்கு அழைப்பும் வைக்கவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்குமா? வாசிக்கப் போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அகதியாக வந்து விசாரணைக்குப் போன அன்று, என் தமிழை ஜெர்மன் மொழிக்கு மாற்றிச் சொன்னவர் நீங்கள். கழுத்துப்பட்டி கட்டியிருந்தீர்கள். இடைவேளையில் அந்த அதிகாரியோடு கோப்பி குடித்துச் சிரித்தீர்கள். நான் கதிரையில் காத்துக்கொண்டிருக்க இவருக்கு அங்கே என்ன சிரிப்பு என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் நான் சரித்திர வாத்தியார் என்பதை அதிகாரி நம்பவில்லை. அப்படியென்றால் அமெரிக்கச் சுதந்திரப் போரின் திருப்புமுனைகளைச் சொல்லும்படி கேட்டார். எனக்கா அந்தக் கேள்வி? பத்தாம் வகுப்புக்கு வருடக்கணக்காகப் படிப்பித்த பாடம். டிரென்டன், சரடோகா, பிரான்ஸ் வந்து சேர்ந்தது, யோர்க்டவுன் என்று அடுக்கினேன். தோற்றுத் தோற்றுச் சோர்ந்திருந்த குடியேற்றப் படை பனிக்குள் ஆற்றைக் கடந்து, டிரென்டனில் பிரித்தானியாவின் கூலிக்கு நின்ற ஜெர்மன் படையை வளைத்துப் பிடித்ததையும் சொன்னேன்.

சொன்னேன் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். சரித்திர ஆசிரியர் என்று சொல்பவருக்கு அந்தக் கூலிப்படை எந்த நாட்டுப் படை என்று தெரியவில்லை, ஆகவே நம்ப முடியாது என்று கடிதத்தில் இருப்பதாக வழக்கறிஞர் சொன்னார். மேல்முறையீட்டில் வென்று மனைவியை இங்கே கூப்பிட நாலு வருடம் பிடித்தது. அந்த நாலு வருடத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று முடிவுகட்டினேன். ஜெர்மன்காரன் தோற்ற கதையை ஒரு ஜெர்மன்காரனின் முகத்துக்கு நேரே சொல்ல உங்களுக்கு நா எழவில்லை, விழுங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். வேலை போய்விடும் என்ற பயமா? இல்லாவிட்டால் அதைவிட மோசமான ஏதாவதா?

அதைத் தமிழ்க் கடையில் வைத்து இரண்டு பேரிடம் சொன்னேன். இரண்டு பேர் போதும்தானே. ஜெர்மன் கடிதங்களை வாசித்துக் காட்டச் சொல்லி உங்களிடம் வந்த சனம் மெல்ல மெல்லக் குறைந்தது. கொண்டாட்டங்களில் கதவோரத்து மேசையில் தனியாக இருந்தீர்கள். யார் யார் வருகிறார்கள் என்று அதிகாரிகளுக்குக் கணக்கெடுத்துக் கொடுக்கத்தான் அங்கே இருக்கிறார் என்று அதையும் நான் சந்தேகப்பட்டேன். ஒருநாள் கடையில் கிட்ட வந்து "மாஸ்டர்" என்றீர்கள். நான் முருங்கைக்காய் தெரிந்தெடுப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள், அண்ணை?

ராணி அக்காவுக்கு மறுப்புச் சொல்ல எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. நிலவறைக்குப் போய்ப் பழைய வழக்குக் கோப்பை எடுத்துவந்தேன். விசாரணைப் பதிவு அதற்குள் அப்படியே இருந்தது. வந்த காலத்தில் எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. தெரிந்த பிறகு வாசிக்க மனம் வரவில்லை. இளைய மகள் மதுராவிடம் கொடுத்தேன். கூலிப்படை எந்த நாட்டுக்காரர் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "வெளிநாட்டுக்காரர், சரியாக நினைவில்லை" என்று நான் பதில் சொன்னதாக இருந்தது.

யாரோ பிறகு மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவள் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பாளர் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டிய பிறகு, சேர்க்க எதுவும் இல்லை என்று நான் சொன்னேனாம். கீழே என் கையெழுத்து. அப்போதுதான் உங்கள் குரல் ஞாபகம் வந்தது. "மாஸ்டர், வடிவா யோசியுங்கோ. ஏதும் விடுபட்டுப் போச்சோ?" இரண்டு தரம் கேட்டீர்கள். என்னிடமிருந்து எதையோ கறக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கையெழுத்தின் சுழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சொன்னாள்:

"அப்பா, எனக்கு அந்தப் பாடம் சொல்லித் தரேக்கையும் நீங்கள் கூலிப்படை எண்டு மட்டும்தான் சொன்னனீங்கள். அவை ஜெர்மன்காரர் எண்டு நான் பள்ளிக்கூடத்திலைதான் அறிஞ்சனான்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்தேன். இருக்க இடம் கேட்டு வந்த வீட்டில், வீட்டுக்காரனின் பாட்டன் தோற்ற கதையை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு அன்றைக்கு விழுங்கியது நான்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இன்றுவரை அப்படித்தான் படிப்பிக்கிறேன். அந்தப் படையில் கனபேர் இங்கிருந்து ரயிலில் போய்வரக்கூடிய காசல் நகரப் பக்கத்து ஆட்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணை ஏன் ஒருநாளும் வாய் திறக்கவில்லை என்று ராணி அக்காவிடம் கேட்டேன். "விசாரணையிலை கேட்டதை வெளியிலை கதைக்கேலாது எண்டு எழுதிக் குடுத்தவர். எனக்கே சொன்னதில்லை" என்றார். உங்களைப் பற்றி ஊர் கதைத்ததற்கு நீங்கள் சொல்லக்கூடிய ஒரே பதில் என் நிலவறையில் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அண்ணை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இந்தப் புத்தகத்தை அந்த இரண்டு பேருக்கும் என் கையாலேயே கொடுப்பேன். ஒருவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. அவருக்கு எல்லாரும் கேட்கும்படி நானே வாசித்துக் காட்டுவேன். அதற்கு முதல் நாள் வகுப்பில், டிரென்டனில் தோற்றது ஜெர்மன் படை என்று பலகையில் எழுதுவேன். இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று ஏதாவது பிள்ளை கேட்டால், உங்கள் பெயரிலிருந்து தொடங்குவேன்.

மண்டபத்தில் உங்கள் படம் முன்னால் இருக்கும். கதவோரத்து மேசையில் நான் இருப்பேன்.

கலியாணத்துக்கு உங்களைக் கூப்பிடாத உங்கள் தம்பி,
அரியம் மாஸ்டர்