சங்கரா மீன் சிவப்பு

1949 மார்ச் 6, ஞாயிறு

மச்சான் ஷரீஃப் இன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். காரணம், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பறந்த ஓர் ஏரோப்ளேனின் நிறம். எழுதிப் பார்த்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

விமானச் சங்கத்தின் கண்காட்சிக்காக மரத்தில் ஒரு மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். நம்மூர் கங்காதரன் என்பவர் பந்தயத்தில் ஓட்டிய விமானம். அசல் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு போட்டோ. நிறம் அசலாக இருக்க வேண்டும் என்று சங்கத்தார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். போட்டோவில் கன்னங்கரேல் என்றிருக்கிறது. கறுப்பு என்றேன்.

"சிவப்பு, மாப்ளே. பந்தயத்தன்னிக்கு மீனம்பாக்கத்துல நின்னு என் கண்ணால பாத்தேன்" என்றார்.

"போட்டோ பொய் சொல்லாது மச்சான். டிராம் கண்டக்டருக்கு டிக்கெட் கலர் தெரிஞ்சா போதும்."

சொல்லியிருக்க வேண்டாம். அதுவும் அவர் வாங்கிவந்த கறியைத் தின்றுகொண்டே. என் மனைவி குல்ஷனுக்கு அம்மா வாப்பா இல்லை. வளர்த்தது இந்த அண்ணன்தான்.

மார்ச் 9, புதன்

கறுப்பு அடித்தாயிற்று, மூன்று பூச்சு. கச்சேரி ரோட்டில் இருபது வருஷமாக போர்டு எழுதுகிறவன் நான். கடை வாசலில் 'ஷஃபியுல்லா, வர்ண விற்பன்னர்' என்று எனக்கு நானே எழுதிக்கொண்டவன். எனக்கா நிறம் சொல்லித் தருவது?

மார்ச் 13, ஞாயிறு

அவர் வரவில்லை. குல்ஷன் மூன்று பேருக்குச் சமைத்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 17, வியாழன்

இறக்கையில் உள்ள எண்கள் சரியாகத் தெரியவில்லை. லஸ் முனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் வெள்ளைச்சாமியிடம் போட்டோவைப் பெரிதாக்கக் கொண்டுபோனேன். அதோடு விட்டிருக்கலாம், கறுப்புப் பூசியதையும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

"கறுப்புன்னு யாரு சொன்னா பாய்?"

"கண்ணுக்குத் தெரியுதே."

அவர் பழைய கல்யாணப் படம் ஒன்றை எடுத்து வைத்தார். பெண் கறுப்புச் சேலை கட்டி, நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்திருந்தாள்.

"எந்த ஊர்ல பாய் இப்படி மணையில உக்காருவாங்க? அந்தக் காலத்துக் கண்ணாடிப் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. கறுப்பாத்தான் விழும்."

வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்த எங்கள் நிக்காஹ் படத்தை எடுத்துப் பார்த்தேன். குல்ஷன் கறுப்புச் சேலையில் நிற்கிறாள். அந்தச் சேலையை வாங்கிவந்தவன் நான். நல்ல சிவப்பு. ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். விற்பன்னராம்.

மார்ச் 18, வெள்ளி

நியாயமாக இன்றே மச்சானிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தப் பிளேட்டில் மஞ்சள்கூடக் கறுக்கும் என்று வெள்ளைச்சாமி சொல்லியிருந்தார். மஞ்சளாக இருக்கட்டும் என்று ஜும்ஆவில் துஆ கேட்டேன். இதற்கெல்லாமா துஆ?

மார்ச் 20, ஞாயிறு

அந்த விமானம் ஒருமுறை எஞ்சின் நின்று ஊரூர் குப்பத்து மணலில் இறங்கியதாகப் பழைய பத்திரிகை ஒன்றில் இருந்தது. அடையாறு பாலம் தாண்டி நடந்தேன். கரையில் ஜெசிந்தா என்றொரு அம்மாள் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அங்கே இறங்கிய ஏரோப்ளேனைப் பற்றிக் கேட்டேன்.

"இன்னா பாய், மீனு வாங்க வந்தியா, ஏரோப்ளேன் வாங்க வந்தியா?"

"அது என்ன நிறம்னு ஞாபகம் இருக்கா?"

"கிட்டப் போயி தொட்டே பாத்துக்கீறேன். சங்கரா மீனு கலரு."

"மஞ்சளா இருக்குமோ?"

கூடையிலிருந்து ஒரு சங்கராவை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "இது இன்னா மஞ்சளாவா கீது? இப்பத்தான் வலையிலேர்ந்து வந்துச்சு. மத்தியானத்துக்கு மேல வெளுத்துப்பூடும். அப்பால வந்து என்னைக் கேக்காத."

மீனை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். மூன்று சிவப்பு கலந்து பார்த்தேன். நான்காவதைக் கலக்க டர்பன்டைன் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய் எடுத்துவருவதற்குள் மீன் குழம்பாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை மீன் வாங்கியாந்தா வேற என்ன பண்ணுவாங்க?" என்றாள் குல்ஷன். இந்த வாரம் அவள் என்னோடு பேசிய முதல் வாக்கியம். இரண்டு பேருக்குத்தான் சமைத்திருந்தாள்.

மார்ச் 27, ஞாயிறு

கங்காதரன் உயிரோடு இருக்கிறார்! தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக. "அவரையே கேக்கலாமே" என்று சங்கத்துக் காரியதரிசி சொன்ன பிறகுதான் தெரியும். செத்துப்போனதாக எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாகவே அடக்கம் செய்திருக்கிறேன்.

போய்க் கேட்டேன். "உள்ள உக்காந்தவனுக்கு வெளிநிறம் என்ன சார் தெரியும்? எஞ்சின் எப்ப இருமும்னு கேளுங்க, சொல்றேன்" என்றார்.

அவர் மனைவி மீனாட்சி அம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தையல் மெஷின் உறையைக் கழற்றிவந்தார். அந்தக் கால விமான இறக்கைக்குத் துணிதான் போர்த்துவார்களாம்; அது கிழிந்தபோது எடுத்துவைத்துத் தைத்த உறை. வெளியே செங்கல் தூளாக வெளுத்திருந்தது. தையலைப் பிளேடால் பிரித்து மடிப்பை விரித்துக் காட்டினார். வெயில் படாத இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அப்படியே இருந்தது, வலையிலிருந்து வந்த சங்கரா.

நகத்தளவு வெட்டிக் கொடுத்தார். வழியெல்லாம் அதைக் கையில் வைத்திருந்தேன். இனி ஆராய்ச்சி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மார்ச் 29, செவ்வாய்

மச்சானின் டிராமுக்காக லஸ்ஸில் காத்திருந்து ஏறினேன். முன்பின் தெரியாதவனைப் போல, "எங்க போவணும்?" என்றார்.

"பாரீஸ் கார்னர். சிவப்புதான் மச்சான். நான் சொன்னது தப்பு. டிக்கெட்னு சொன்னது அதவிடத் தப்பு."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ராயப்பேட்டை தாண்டித் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார்.

"மாப்ளே, நான் அன்னிக்கு மீனம்பாக்கமே போவல."

"என்ன மச்சான் சொல்றீங்க?" என்றேன்.

"லீவு குடுக்கல. கூட வேலை பாக்கறவன் வந்து சொன்னான். குல்ஷன் சின்னப் பொண்ணு, பாத்தியா பாத்தியான்னு உசுர வாங்கிச்சு. பாத்தேன்னுட்டேன். தெனம் தூங்கறதுக்கு முன்னால அந்தக் கதைதான் வேணும் அதுக்கு. நீ டிக்கெட்டுன்னு சொன்னதும், அன்னிக்கு நான் டிராம்ல இருந்தத கண்டுபுடிச்சுட்டியோன்னு நெனச்சேன். அதான் எழுந்துட்டேன்."

நானா? கண்டுபிடிப்பதா? சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அது கிட்ட சொல்லிடாத" என்றார்.

ஏப்ரல் 3, ஞாயிறு

மூன்று பேர் சாப்பிட்டோம். கறுப்பைச் சுரண்டிச் சுரண்டி விரல் வலிக்கிறது.

ஏப்ரல் 10, ஞாயிறு

கண்காட்சி. குல்ஷனையும் கூட்டிப்போனேன். விமானத்துக்குப் பக்கத்தில் நல்ல கூட்டம். நடுவில் மச்சான், சலவைச் சட்டையோடு. "வேலி ஓரமா நின்னுக்கினு இருக்கேன். மண்டை பிளக்கற வெயிலு. தலைக்கு மேல சிவப்பா ஒண்ணு போச்சு பாரு…"

கண்ணாடி போட்ட ஒருவர், "நிஜமாவே இதே சிவப்பா? பாத்தீங்களா?" என்றார். மச்சான் தடுமாறி என்னைப் பார்த்தார்.

"அவர் சொல்லித்தான் சார் நான் பூசினேன்" என்றேன்.

குல்ஷன் என் காதோரம் குனிந்தாள். "இன்னிக்கு வெயிலு. நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப ஒரு நாள் மழையில பாப்பாரு, ஒரு நாள் காத்துல பாப்பாரு."

திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன். அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசாம இருங்க. எஞ்சின் நிக்கற எடம் வரப்போவுது" என்றாள்.