பத்துக்குப் பத்து

திருமானூர்
12.6.2006

அன்புத் தம்பி பிரேமுக்கு,

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம். நீ இன்டர்நெட்டில் பார்த்து அனுப்பிய மூன்று ஜாதகமும் வந்தன. ஒன்றுக்குப் பத்துக்குப் பத்துப் பொருத்தமாம். அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறதடா. முதல் கல்யாணத்துக்கும் பத்துக்குப் பத்துதானே? பதினோராவது மாதம் பெட்டியோடு வந்து நின்றேன்.

உன் குரலே சரியில்லையே, வேலையில் என்ன?

அக்கா சுகன்யா

பெங்களூர்
20.6.2006

அன்புள்ள அக்கா,

பங்குகளை எப்போது வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று தானே விதி கண்டுபிடிக்கும் சாப்ட்வேர் எங்களுடையது. லட்சக்கணக்கான விதிகளைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும். ஒரு விதி எட்டு வருட விலைக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. ஆபீஸே கைதட்டியது. நிஜச் சந்தையில் விட்டதும் மூன்றே வாரத்தில் படுத்துவிட்டது.

அத்தனை விதிகளில் தேடினால் ஏதாவது ஒன்று பழசுக்குத் தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும் என்கிறார் மேலாளர். தேடும் இடத்தைச் சுருக்க வேண்டுமாம். ஒரு விதிக்கு இரண்டே நிபந்தனை, அதற்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். மூன்று மாத உழைப்பை நானே வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஓய்ந்துவிட்டேன் அக்கா.

இன்னும் நாலு வரன் அனுப்புகிறேன், சலிக்காமல் பார்.

பிரேம்

திருமானூர்
3.7.2006

தம்பி,

படித்துச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. ஆபீஸில் சுருக்குகிறவன் எனக்கு மட்டும் ஏன் ஊரெல்லாம் தேடுகிறாய்?

நான் சுருக்கிவிட்டேன். இரண்டே நிபந்தனை. என் மேல் கை நீட்டக்கூடாது. நான் பேசினால் காது கொடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மோட்டார் காயில் கட்டுகிற சாமிதுரையை உனக்குத் தெரியும். இரண்டு வருடமாகப் பார்த்துவிட்டுத்தான் அவரைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறேன்.

ஜோசியர் நாலு பொருத்தம்தான் என்றாராம். "ரஜ்ஜு தட்டுதுடி, தாலிக்கே ஆவாது. நான் வரமாட்டேன்" என்கிறாள் அம்மா. ஆவணி பத்தொன்பது, கல்லங்குறிச்சிக் கோயிலில் கல்யாணம். அப்பாவும் இல்லை. நீயும் வராவிட்டால் என் பக்கம் நிற்க ஒருவரும் இல்லை.

அக்கா

பெங்களூர்
11.8.2006

அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை, வெட்கம். முதல் மாப்பிள்ளையின் ஜாதகத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். ஒருநாளும் நீ அதைச் சொல்லிக்காட்டியதில்லை. உன் நிபந்தனை என்ன என்று அன்றைக்கு நான் கேட்கவும் இல்லை.

அம்மாவிடம் பேசினேன். "நீயும் அவகூட சேந்துட்டியாடா" என்று போனை வைத்துவிட்டாள். வருவாளா, தெரியவில்லை. நான் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே வந்துவிடுவேன்.

மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் நான்தானே போட வேண்டும்? அவர் விரல் அளவை நூலில் எடுத்து, பதில் கடிதத்தில் வைத்து அனுப்பு.

உன் தம்பி